நீல நூல்

தேரியோவின் வலது கால் நிற்கவில்லை. கூடைப்பந்து மைதானத்தின் சிமெண்டுப் படியில் உட்கார்ந்து முழங்காலை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தான். கைகளையும் சேர்த்துக்கொண்டு கால் ஆடியது. பாட்டுப்பெட்டிக்கு மின்சாரம் இழுக்கும் ஒயரை யாரோ வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்கள். அதை எடுத்துவர ஆள் போயிருந்தது. அதுவரை மைதானம் முழுக்க ஆண்கள், பாதிப்பேர் துறைமுகத்து ரப்பர் பூட்ஸோடு, நிற்கவும் பிடிக்காமல் உட்காரவும் பிடிக்காமல் அலைந்துகொண்டிருந்தார்கள்.

வாரத்தில் மூன்று காலை இங்கே நடனம். ஷாபு என்ற போதைப்பொருளை விட்டுவிட்டேன் என்று வட்டார அலுவலகத்தில் வந்து சொன்னவர்கள் எல்லோரும் ஆடியாக வேண்டும். மீன் சுமப்பவர்கள், ஐஸ் உடைப்பவர்கள், மூன்று சக்கர வண்டி ஓட்டுபவர்கள். ஆடி முடித்துக் கஞ்சி குடித்து, நர்ஸ் ரோவேனா பேசுவதைக் கேட்டு, கோப்பையில் சிறுநீர் கொடுத்துவிட்டுப் போகலாம்.

"தேரியோ அண்ணே, பாட்டே இன்னும் போடல. அதுக்குள்ள ஆட்டமா?" என்றான் போயெட். துறைமுகத்தில் மீன் சுமப்பவன். முன்பற்கள் இரண்டும் ஷாபுவோடு போய்விட்டதால் அவன் சிரித்தால் உள்நாக்கு தெரியும்.

"உனக்குப் பாட்டு போட்டாலும் ஆட்டம் வராதே. மூடிட்டு உக்காரு."

"நான் எங்க உக்கார? உக்காந்தா பின்பக்கம் எறும்பு கடிக்குற மாதிரி இருக்கு. எறும்பும் இல்ல."

ஒயர் வந்தது. பாட்டு வந்தது. மேடையில் ஒரு பெண் இடுப்பை வளைத்துக் காட்ட, பூட்ஸ் கால்கள் சிமெண்டில் சொத் சொத்தென்று விழுந்தன. வேலியோரம் பள்ளிப் பிள்ளைகள் நின்று சிரித்தார்கள். தேரியோ ஆடினான். ஆடும்போது மட்டும் கால் அவன் சொன்ன பேச்சைக் கேட்டது.

கஞ்சி இஞ்சியும் கோழியும் போட்டது. ஆவி பறந்தது. தேரியோ ஒரு வாய் குடித்துவிட்டுக் கேட்டான்.

"இதுல உப்பு போடலையா?"

"அண்ணே, எனக்குக் கரிக்குது," என்றான் போயெட்.

தேரியோ இன்னொரு வாய் குடித்தான். உப்பு இருந்தது. இஞ்சி இருந்தது. இருக்கிறது என்று தெரிந்தது, அவ்வளவுதான். அடுத்த தெருவில் யாரோ பேசுவதைக் கேட்பதுபோல இருந்தது. கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

"சிஸ்டர், நாக்கு செத்துப்போச்சு. மருந்து இருக்கா?"

நர்ஸ் ரோவேனா அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு இப்படி யாராவது கேட்டால் பிடிக்கும். சிறுநீர்க் கோப்பைகள் அடுக்கியிருந்த பையிலிருந்து இரண்டை எடுத்து, கையளவு இடைவெளி விட்டுப் படியில் எதிரெதிராக வைத்தாள்.

"அதுல போயா பாடம் நடத்துறீங்க?" என்றான் ஒருவன்.

"புதுசுதான். பயப்படாத. இது மூளைக்குள்ள ஒரு நரம்பு. அது இன்னொரு நரம்பு. ரெண்டும் ஒட்டி இருக்காது. நடுவுல சின்ன இடைவெளி. இவன் அவனுக்கு எப்படித் தகவல் சொல்வான்? சொட்டு விடுவான்." தண்ணீர்ப் பாட்டிலிலிருந்து விரலை நனைத்து நடுவில் ஒரு சொட்டு உதறினாள். "டோபமின்னு பேரு. சூடா சோறு வருது, புள்ள சிரிக்குது, கட்டிக்கிட்டவ திரும்பிப் பாக்குறா, அப்ப ரெண்டு சொட்டு. 'இதைக் கவனி, இது வேணும்'னு அர்த்தம். அந்தப் பக்கம் இருக்குறவன் கிண்ணம் வச்சுப் பிடிச்சுக்குவான். தகவல் போயிருச்சுன்னா மிச்சச் சொட்டை இவன் திரும்ப உறிஞ்சி எடுத்துக்கணும். அதுக்கு இவன்கிட்ட ஒரு பம்பு இருக்கு. படகு அடியில தண்ணி இறைக்க வச்சிருக்கீங்களே, அந்த மாதிரி."

"சரி."

"ஷாபு நேரா அந்தப் பம்புக்குள்ள பூந்துரும். பூந்து பம்பைத் திருப்பி ஓட்டும். உறிஞ்ச வேண்டிய பம்பு வெளிய கொட்டுது. உள்ள சேத்து வச்சதையும் உடைச்சுவிட்டுக் கொட்டுது. சோறு வரல, புள்ள சிரிக்கல, ஒண்ணுமே நடக்கல. ஆனா வெள்ளம்." பாட்டிலைச் சாய்த்தாள். படியில் தண்ணீர் ஓடியது. "தூக்கம் வேணாம், பசி வேணாம். பாக்குறது எல்லாம் பிரமாதம். எதிர்ல இருக்குறவன் என்ன செய்வான்? வெள்ளம் வந்தா வாசல்ல வச்ச கிண்ணத்தையெல்லாம் வீட்டுக்குள்ள எடுத்து வச்சிருவான்ல?" ஒரு கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள். "இப்ப நீங்க ஷாபுவை விட்டாச்சு. வெள்ளம் நின்னுருச்சு. ஆனா இவன்கிட்ட சொட்டு கம்மி. அவன்கிட்ட வெளிய கிண்ணமும் கம்மி. அப்புறம் கஞ்சியில உப்பு எங்கன்னு கேட்டா?"

"அப்ப நாக்கு?"

"நாக்கு நல்லாத்தான் இருக்கு தேரியோ. நாக்கு சொல்றதைக் கேக்குறவன் கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்திருக்கான். கைகாலை ஒழுங்கா வச்சிருக்குறதுக்கும் அதே சொட்டுதான் வேணும். அதான் உங்க கால் சொன்னபடி கேக்கல."

"எப்ப திறப்பான்?"

"மெதுவா. ஒரு வருஷம் ஆகலாம். கூடவும் ஆகலாம். ஆனா பெரும்பாலும் திறப்பான்."

"வாடகை கேட்டு ஆள் அனுப்புங்க சிஸ்டர், உடனே திறப்பான்," என்றான் போயெட். எல்லோரும் சிரித்தார்கள். தேரியோ கவிழ்ந்த கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கால் மறுபடி ஆடத் தொடங்கியிருந்தது.

தேரியோ மீன் தரம் பார்ப்பவன். ஜென்சான் துறைமுகத்தில் ஆள் உயரச் சூரைமீன்களைத் தோளில் தூக்கிவந்து மேசையில் கிடத்துவார்கள். பேனாவைவிடக் கொஞ்சம் நீளமான இரும்புக் குழாயைப் பக்கத் துடுப்புக்குக் கீழே செருகித் திருகி உருவினால், மெழுகுத்திரி கனத்தில் ஒரு துண்டுச் சதை குழாயோடு வரும். அதை வெளிச்சத்தில் பிடித்து நிறம் பார்க்க வேண்டும். கண்ணாடிபோல ஒளி ஊடுருவும் சிவப்பா, பழுப்பு தட்டிய சிவப்பா? பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே தேய்த்து எண்ணெய் பார்க்க வேண்டும். மோந்து பார்த்துக் கடைசியில் நாக்கில் வைக்க வேண்டும். பிடிபட்டபோது மீன் அதிகம் போராடியிருந்தால் உடம்புச் சூட்டிலேயே சதை வெந்து புளிக்கும். ஐஸ் பிந்தியிருந்தாலும் தெரியும்.

இவ்வளவும் யாரும் கற்றுக்கொள்ளலாம். எல்லாம் பார்த்து முடித்தபின் உள்ளே ஏதோ ஒன்று எழுந்து நின்று, இது என்று சொல்லும். அது சொன்னால் வாலில் சிவப்பு நூல். அந்த மீன் விமானம் ஏறி ஜப்பான் போகும். சொல்லாவிட்டால் நீலம், உள்ளூர் உணவகங்களுக்கு. வெள்ளை என்றால் மீனை டப்பாவில் அடைக்கும் ஆலைக்கு. வாரக்கணக்கில் கடலில் கிடந்து தூண்டில் கயிற்றால் உள்ளங்கை அறுபட்டு வந்தவர்களின் பங்கு, அந்த நூலின் நிறத்தைப் பொறுத்தது.

வியாபாரி மேடம் கொன்சிங்கின் மேசையில் தேரியோ பல வருடம் நின்றான். படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும் நாட்களில் மற்ற மேசைக்காரர்கள் முறை மாற்றிக்கொண்டு தூங்கப் போவார்கள். தேரியோ போகமாட்டான். கழிப்பறைக்குப் போய்வருவான், அவ்வளவுதான். "தேரியோவைப் பாருங்கடா, அவன்தான் உழைப்பாளி," என்று மேடம் மற்றவர்களிடம் சொல்வாள். அவன் கண் ஏன் அப்படி மின்னுகிறது என்று அவள் கேட்டதில்லை. பிறகு ஒரு மாதம் எல்லா மீனும் அவனுக்குப் பிரமாதமாகத் தெரிந்தது. நாக்கில் வைத்ததெல்லாம் எழுந்து நின்று, இது இது என்றது. சிவப்பு நூல் தீர்ந்து புதுக் கண்டு வாங்க வேண்டியிருந்தது. ஜப்பானிலிருந்து ஒரு விமானச் சரக்கு முழுக்க வேண்டாமென்று திரும்பியபோது மேடம் அவனை எல்லோர் முன்னாலும் ஷாபு நாய் என்று சொல்லி வெளியே அனுப்பினாள்.

மூன்று மாதம் ஆடியபின் அவளே ஆள் அனுப்பினாள். புதிதாக வைத்தவனுக்குக் கை சரியில்லை.

"முதல்ல கோப்பை. அப்புறம் மேசை," என்றாள் மேடம். சோதனைப் பட்டையில், போதை இல்லை என்று காட்டும் இரண்டு கோடும் விழுந்தன. "நல்லது. இன்னொரு தடவை எல்லாம் பிரமாதம்னு வந்து நின்னே, இந்தத் துறைமுகத்துல உனக்கு ஐஸ் உடைக்கிற வேலைகூடக் கிடைக்காது. புரியுதா?"

"புரியுது மேடம்."

முதல் மீனில் குழாயைச் செருகினான். கை நடுங்கவில்லை, மறந்துபோகவும் இல்லை. நிறம் நன்றாக இருந்தது. விரலில் எண்ணெய் வழுக்கியது. நாக்கில் வைத்தான். காத்திருந்தான். ஒன்றும் எழவில்லை. குளிர்ந்த, மிருதுவான ஏதோ ஒன்று வாயில் இருந்தது.

மேடம் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த மீனோடு போயெட் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான். நிறத்தையும் எண்ணெயையும் நம்பிச் சிவப்பு கட்டலாம். கட்டி, அது ஜப்பானிலிருந்து திரும்பினால்? தேரியோ நீல நூலை எடுத்தான். அடுத்ததற்கும் நீலம். அதற்கடுத்ததற்கும்.

படகுக்காரர்கள் முணுமுணுத்தார்கள். மேடம் முகத்தில் முதல்தடவையாகச் சிரிப்பு வந்தது.

"இப்பதான்யா பழைய தேரியோ. ஷாபு போச்சு, புத்தி வந்துச்சு."

அவன் மனைவி மிண்டா மேடத்தின் பொதியறையில் வேலை செய்தாள். மீன்களுக்குச் செவுள் நீக்கி, ஐஸ் பைகளோடு விமானப் பெட்டியில் அடுக்கும் வேலை. ஒரு மாலை வால் வெட்டிய துண்டுகளை வாங்கிவந்து, சின்னதாக அரிந்து, காடியும் இஞ்சியும் மிளகாயும் போட்டுப் பிசறி அவன் முன்னால் வைத்தாள். அவனுக்கு உயிரான பண்டம்.

"எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு."

"பொய் சொல்லாத. இதே மூஞ்சியோடதான் காலையில பல் விளக்குற."

அவன் இன்னொரு துண்டை எடுத்துத் தின்றான். அவள் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள்.

"நீ கட்டுற நீலம் நீலமா போகலை, தெரியுமா?"

"என்ன?"

"உள்ள குளிர் அறையில மேடத்தோட தம்பி மகன் இன்னொரு தடவை குத்திப் பாக்குறான். பாதிக்கு மேல நூலை அவுத்துட்டுச் சிவப்பு கட்டுறான். என் கையாலதான் பெட்டியில அடுக்குறேன். எல்லாம் விமானத்துக்கு."

தேரியோ எழுந்தான். உட்கார்ந்தான். மறுபடி எழுந்து வாசல்வரை போய்வந்தான்.

"படகுக்காரனுக்கு?"

"படகுக்காரனுக்கு நீ கட்டுனதுதான் கணக்கு. உள்ள நடக்குறது அவனுக்கு எப்படித் தெரியும்?"

"நான் போய்ச் சொல்லிட்டா?"

"சொல்லு. அப்புறம் நீயும் வெளிய, நானும் வெளிய. சரி, நீயாவது சிவப்பு கட்டேன். உனக்குத் தெரியாத மீனா?"

"தெரியலையே மிண்டா," என்றான். "அதுதானே. எனக்குத் தெரியலையே."

அந்த மாதக் கடைசியில் மிண்டாவின் தம்பி செனியோ கரை திரும்பினான். அவனுடைய படகு பழையது. எஞ்சின் புகைந்து புகைந்து நிற்கும். அரிசியும் டீசலும் மேடம் முன்பணமாகக் கொடுத்தவை. அவன் கொண்டுவந்த மீன் எல்லாவற்றுக்கும் நீலம் விழுந்தது. செனியோ மேசைமேல் இரண்டு கையையும் ஊன்றிக் கேட்டான்.

"மச்சான், இதைப் பாரு. தூண்டில்ல வந்ததும் மூளையில குத்திச் சாகடிச்சு அப்பவே ஐஸ்ல போட்டது. இது நீலமா?"

"எனக்குத் தோணுனதைத்தான் கட்டுறேன் செனியோ."

"தோணுனதையா? ஷாபு அடிச்சப்ப நீ நல்லவனா இருந்தியே மச்சான்! பேசாம திரும்ப அடி. நான் வாங்கித் தரேன்."

சுமப்பவர்கள் சிரித்தார்கள். தேரியோ சிரிக்கவில்லை. பழுதுபார்க்கக் கையில் காசு மிஞ்சாமல், செனியோ எஞ்சினைப் பிரிக்காமலேயே மறுபடி கடலுக்குப் போனான்.

மழை வந்து போனது. தேரியோ கோப்பையில் கொடுத்தான், ஆடினான், நீலம் கட்டினான். துறைமுகத்தில் அவனுக்கு நீலக்கண்ணன் என்று பேர் விழுந்தது. படகுக்காரர்கள் அவன் நிற்கும் பக்கம் துப்பிவிட்டுப் போனார்கள். சில நாட்கள் வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் துறைமுக மதிலோரம் வேகவேகமாக நடந்தான். எங்கே விற்பார்கள் என்று கால்களுக்குத் தெரியும். அந்தச் சந்து வரும்போது மட்டும் எதிர்ப்பக்கம் மாறி நடந்தான்.

எப்போது மாறியது என்று அவனுக்கே தெரியவில்லை. ஒரு காலை ரொட்டிக்கடையைத் தாண்டும்போது சுடுரொட்டியின் வாசனை அவனை நிறுத்தியது. நின்று, ஏன் நின்றோம் என்று யோசித்துவிட்டு நடந்தான். இன்னொரு நாள் மிண்டா துணி அலசும்போது பாடியதைக் கேட்டு, "இந்தப் பாட்டை எப்பக் கத்துக்கிட்ட?" என்றான். "கல்யாணத்துக்கு முன்னாலேர்ந்து பாடுறேன்," என்றாள் அவள். படுக்கும்போது கால் ஆடுவது குறைந்திருந்தது. நர்ஸிடம் சொன்னான். அவள் கவிழ்ந்திருந்த ஒரு கோப்பையை எடுத்து நிமிர்த்தி வைத்துவிட்டுச் சிரித்தாள்.

செனியோவின் படகு மறுபடி வந்தது வெயில் அடிக்கும் ஒரு காலையில். செனியோ தேரியோவின் முகத்தைப் பார்க்கவில்லை. மேசைக்கு எதிரே ஐஸ் பெட்டியின்மேல் உட்கார்ந்து, கயிறு அறுத்த உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். போயெட் முதல் மீனைக் கிடத்தினான். முதுகு கருநீலம், பக்கவாட்டில் மஞ்சள் இன்னும் அணையவில்லை.

தேரியோ குழாயைச் செருகித் திருகி உருவினான். நிறம் பார்த்தான். விரலில் தேய்த்தான். நாக்கில் வைத்தான்.

முதலில் குளிர்ச்சி. பிறகு ஒரு மெல்லிய இரும்பு வாடை. அது போனதும் நாக்கின் இரண்டு ஓரத்திலும் எண்ணெய் உருகியது. அதற்கு அடியிலிருந்து ஓர் இனிப்பு கிளம்பி மேல்வாய்வரை பரவியது. கையிலிருந்த மயிர் குத்திட்டு நின்றது. உள்ளே ஏதோ ஒன்று எழுந்தது. அவசரப்படாமல் எழுந்து நின்று, இது என்றது.

அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. சிவப்பு நூலை எடுத்தான். இத்தனை மாதமாகத் தொடாத கண்டு. முனையைத் தேட வேண்டியிருந்தது. விரல் நடுங்கியது.

"அண்ணே, அது சிவப்பு," என்றான் போயெட்.

"தெரியும்டா. அடுத்தது கொண்டா. சீக்கிரம்!"

அடுத்ததும் அதுவே. மூன்றாவது இல்லை, ஓரத்தில் புளிப்பு இருந்தது, அதற்கு நீலம் கட்டினான். அந்தப் புளிப்பு தெரிந்ததிலும் அவனுக்குச் சிரிப்பு வந்தது. நான்காவது சிவப்பு.

"டேய் செனியோ, இது எங்க பிடிச்ச? இதுல ஐஸ் எப்பப் போட்ட? வா, வந்து இதைப் பாரு, இந்தப் பளபளப்பைப் பாரு. போயெட், நீயும் வாடா, ஒரு துண்டு வாயில போட்டுப் பாரு!" மூச்சு விடாமல் பேசினான். கன்னத்தில் வழிந்ததைத் தோளில் துடைத்துக்கொண்டான். செனியோ எழுந்து மேசையருகே வந்துவிட்டான். மேடம் கொன்சிங் வந்துகொண்டிருந்தாள்.

அவள் வால்களை வரிசையாகப் பார்த்தாள். சிவப்பு, சிவப்பு, நீலம், சிவப்பு. பிறகு தேரியோவைப் பார்த்தாள். ஈரக் கண்ணை, நடுங்கும் விரலை, நிற்காத வாயை.

"எத்தனை நாளாத் தூங்கலை நீ?"

"மேடம், சத்தியமா இல்ல. நீங்களே ஒரு துண்டு வாயில வச்சுப் பாருங்க. இது..."

"இது பிரமாதம். அதானே சொல்லப்போற?"

அவன் ஒரு துண்டை அவள் பக்கம் நீட்டினான்.

"போன தடவையும் இதே கண்ணு, இதே பேச்சு." காவலாளியைக் கூப்பிட்டாள். "இவனைக் கூட்டிட்டுப் போ. கூடவே நில்லு. முடிவு வர்ற வரைக்கும் இந்த மேசை நிக்கட்டும்."

"கோப்பையில ஒண்ணும் வராது மேடம்."

"வந்தா இன்னிக்கே வெளிய. வராட்டி நாளையிலிருந்து ஐஸ் உடை. எனக்கு மேசையில நிதானமான ஆள் வேணும்."

காவலாளி பிளாஸ்டிக் கோப்பையைக் கையில் திணித்தான். தேரியோ நகராமல் நின்றான். மேடம் போயெட்டிடம் தலையசைத்தாள். போயெட் குனிந்து, யார் முகத்தையும் பார்க்காமல், முதல் வாலிலிருந்த சிவப்பு முடிச்சை நகத்தால் பிரிக்கத் தொடங்கினான். ஈரத்தில் முடிச்சு இறுகியிருந்தது. பல் இருந்த பக்கத்தால் கடித்து இழுத்தான். செனியோ அவன் பக்கத்திலேயே நின்று பார்த்தான்.

கழிப்பறை வாசலில் நெடுநேரம் நின்றும் தேரியோவுக்குச் சிறுநீர் முட்டவில்லை. வாயில் அந்த இனிப்பு இன்னும் இருந்தது. அது போய்விடக் கூடாதென்று எச்சிலை விழுங்காமல் நின்றான். காவலாளி பொறுமையிழந்து தண்ணீர்ப் பாட்டிலின் மூடியைத் திருகி நீட்டினான்.

"குடி. குடிச்சாத்தான் வரும்."

"கொஞ்சம் பொறுங்க."

"எனக்கு வேற வேலை இல்லையா? முழுசாக் குடி."

பொதியறையின் பலகைக் கதவு திறந்து மூடியது. இப்போது எல்லா வாலிலும் நீல நூல் கட்டிய செனியோவின் மீன்களைத் தள்ளுவண்டியில் உள்ளே கொண்டுபோனார்கள். தேரியோ பாட்டிலை வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு, கடைசிச் சொட்டுவரை குடித்தான்.